நோகாத நோய்

சென்ற ஆடி மாதம் ஒரு காலை, குளிக்கும்போது இருமினேன். வலது தொடை இடுக்குக்குச் சற்று மேலே நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று புடைத்துக்கொண்டு வந்தது. விரல் வைத்து அழுத்தியதும் உள்ளே போய்விட்டது. மறுபடி இருமிப் பார்த்தேன். மறுபடி வந்தது. வலி இல்லை. அன்றும் வழக்கம்போல் காஷ் கவுண்ட்டரில் உட்கார்ந்தேன். மாலையில் கணக்கு நேராயிற்று. ஒரு வாரம் கழித்துத்தான் மருத்துவரிடம் போனேன். நிற்கவைத்து இருமச் சொன்னார், படுக்கவைத்து இருமச் சொன்னார். குடலிறக்கம்தான் என்றார். வலி உண்டா, வேலைக்கு இடைஞ்சல் உண்டா என்று கேட்டார். இரண்டுக்கும் இல்லை என்றேன். "அப்படியானால் ஆபரேஷன் செய்துகொள்ளலாம். செய்யாமல் பார்த்துக்கொண்டும் இருக்கலாம்" என்றார்.

இந்த இரண்டு 'லாம்'களுக்கும் நடுவில் எட்டு மாதமாக இருக்கிறேன். தமிழில் இந்த விகுதி சாத்தியத்தையும் குறிக்கும், அனுமதியையும் குறிக்கும். மருத்துவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம்; கேட்கவில்லை. எனக்குச் சாதகமான அர்த்தத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிரதி ஒன்று தெளிவில்லாமல் இருந்தால் விமர்சகனுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் உண்டு, அதை நான் அறிவேன்.

இலக்கியப் பத்திரிகையில் ஒருவனுடைய குடலிறக்கத்துக்கு என்ன இடம் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். என் உடம்பு பற்றி இங்கே யாருக்கும் அக்கறை இருக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த எட்டு மாதத்தில் ஒரு கேள்வி என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. வலி வந்து தீர்ப்புச் சொல்லாத ஒரு விஷயத்தில், மனிதன் எதைக் கொண்டு முடிவு செய்கிறான்? முடிவு செய்யாமல் இருக்கிறபோது, உண்மையில் அவன் என்ன செய்துகொண்டிருக்கிறான்?

நோய் என்ற சொல்லே 'நோ' என்ற வேரிலிருந்து வருவது. நோவது எதுவோ அது நோய். சங்கப் பாடல்களில் காதலர் பிரிவில் படுகிற துன்பத்துக்கும் இதே சொல்தான். நோகாத நோய் என்பது மொழிக்குள்ளேயே ஒரு முரண்பாடு. இந்த முரண்பாட்டை நாம் சாதாரணமாகச் சந்திப்பதில்லை. பல்வலி வருகிறது, இரண்டு நாள் கிராம்பு வைத்துச் சமாளிக்கிறோம், மூன்றாம் நாள் இரவு வலி நம்மைப் பல் டாக்டரிடம் கொண்டுபோய் விடுகிறது. அங்கே முடிவு செய்தது நாம் அல்ல, வலி. பிறகு நாம் அதை நம் முடிவு என்று சொல்லிக்கொள்கிறோம். பெரும்பாலான முடிவுகள் இப்படித்தான் நடக்கின்றன என்று இப்போது எனக்குச் சந்தேகம். நிர்ப்பந்தம் முன்னால் போகிறது, தர்க்கம் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறது.

எழுத்தைப் பற்றிய நம் பேச்சுக்கும் இது பொருந்தும். ஒரு கவிதை உண்மையானதா என்பதற்கு அதில் வலி இருக்கிறதா என்பதையே நம்மில் பலர், நான் உட்பட, அளவுகோலாக வைத்திருக்கிறோம். வலித்தால் நிஜம், வலிக்காவிட்டால் பாவனை. என் அடிவயிற்றில் ஒரு திறப்பு இருக்கிறது, அது நிஜம், அது வலிக்கவில்லை. நிஜத்துக்கு வலி தேவையில்லை என்பதைப் புத்தகங்கள் வழியாகத் தெரிந்துகொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு இப்படித்தான் தெரிய நேர்ந்தது.

விஷயம் ஸ்தூலமாக என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். கருவில் ஆண்குழந்தையின் விரைகள் சிறுநீரகங்களுக்குப் பக்கத்தில்தான் உருவாகின்றன. பிறப்பதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பு அவை அடிவயிற்றுச் சுவரில் உள்ள ஒரு பாதை வழியாகக் கீழே இறங்குகின்றன. இறங்கியபின் பாதை மூடிக்கொள்ள வேண்டும். பலருக்குச் சரியாக மூடுவதில்லை, பலருக்கு மூடிய சுவர் பின்னால் தளர்ந்துவிடுகிறது. அந்த வழியாகக் கொழுப்போ குடலின் ஒரு மடிப்போ வெளியே தலைகாட்டுகிறது. ஆண்களில் நாலில் ஒருவருக்கு மேல் வாழ்நாளில் ஏதாவது ஒரு சமயம் இதற்கு அறுவை சிகிச்சை செய்துகொள்கிறார்கள் என்று ஒரு ஆங்கிலேயக் கணக்கு சொல்கிறது. பெண்களில் அது நூற்றுக்கு மூன்று. ஆனால் பெண்களுக்கு வருவதில் தொடைப் பக்கமாக இறங்கும் வகை அதிகம். அது சிக்கிக்கொள்ளும் அபாயமும் அதிகம். அவர்களைக் காத்திருக்கச் சொல்வதில்லை. ஆக, நான் இங்கே விசாரம் செய்துகொண்டிருக்கும் இந்த அவகாசமே ஆணின் உடம்புக்குக் கிடைத்த ஒரு சலுகை.

எங்கள் பக்கத்தில் ஹெர்னியாவை 'இரணியா' என்பார்கள். வாய்க்கு வந்தபடி திரிந்த சொல்தான். ஆனாலும் இரணியன் ஞாபகம் வராமல் போகாது. பகலிலும் சாகக்கூடாது இரவிலும் சாகக்கூடாது, உள்ளேயும் கூடாது வெளியேயும் கூடாது என்று ஒவ்வொரு திறப்பாக அடைத்துக்கொண்டே போனவன் அவன். கடைசியில் அந்தியில், வாசற்படியில், வயிறு கிழிந்து செத்தான். உள்ளே என்றும் வெளியே என்றும் சொல்ல முடியாத ஒன்று என் வயிற்றின் வாசற்படியிலும் உட்கார்ந்திருக்கிறது. எல்லாத் திறப்புகளையும் அடைத்துவிட்டு அப்புறம் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைப்பது அசுர குணம் என்று சில நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உபமானங்கள் சௌகரியமானவை. ஆபரேஷனைத் தள்ளிப்போட ஒரு புராணம் கிடைத்தால் யார் விடுவார்கள்?

உபமானம் போதாதென்று எண்களிடம் போனேன். நான் காஷியர், எண்களிடம் எனக்கு மரியாதை உண்டு. வட அமெரிக்காவில் 5 மருத்துவ மையங்களில், வலியே இல்லாத அல்லது மிகச் சொற்பமான வலியுள்ள 720 ஆண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு அறுவை சிகிச்சை; மறு பாதிக்கு விழிப்புடன் காத்திருத்தல். 2006-இல் முடிவு வெளியாயிற்று. இரண்டு வருஷக் கடைசியில், அன்றாட வேலையைத் தடுக்கிற வலி என்று பார்த்தால், இரு தரப்புக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. காத்திருந்தவர்களில் குடல் திடீரென்று சிக்கிக்கொண்டது 1000 பேருக்கு வருஷத்தில் இரண்டு என்ற கணக்குக்கும் குறைவு. ஆனால் அதே இரண்டு வருஷத்துக்குள் அவர்களில் 23 சதவீதம் பேர் அறுவை சிகிச்சைக்கு மாறியிருந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியிட்ட கணக்கில் பத்து வருஷத்தில் மாறுகிறவர்கள் 68 சதவீதம். பெரும்பாலோருக்குக் காரணம், வலி வந்துவிட்டது.

மறுபக்கத்துக்கும் எண் உண்டு. 2018-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதலின்படி, அறுவை சிகிச்சைக்குப் பிறகு பொருட்படுத்தத்தக்க நீடித்த வலி 10 முதல் 12 சதவீதம் பேருக்கு இருக்கிறது. காலப்போக்கில் அது குறையும். அன்றாட வாழ்க்கையையே முடக்குகிற அளவுக்கான வலி அதைவிடச் சிறிய பகுதியினருக்கு. வலியில்லாமல் போய் வலியோடு திரும்பி வரக்கூடும் என்பது இதன் சாரம்.

இந்த எண்கள் பொய்யல்ல. ஆனால் அவற்றுக்குள் நான் எங்கே நிற்கிறேன் என்று அவை சொல்லவில்லை. மாலையில் கவுண்ட்டரில் கட்டுகளைக் கூட்டும்போது மொத்தம் சரியாக வந்துவிட்டால், ஒரு குறிப்பிட்ட நூறு ரூபாய்த் தாள் கிழிந்ததா நல்லதா என்பது கணக்குக்கு அவசியமில்லை. நான் அந்த ஒரு தாள்.

எண்கள் கைவிட்ட இடத்தில் சாட்சிகளை அழைத்தேன். என் பெரியப்பாவுக்கு இதே இரணியா இருபது வருஷத்துக்கு மேல் இருந்தது. பெல்ட் ஒன்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போய்வந்தார். இரவில் அது கொடியில் தொங்கும். குழந்தைகளாக இருந்தபோது எங்களுக்கு அதைத் தொட அனுமதியில்லை. 81 வயதில் வேறு எதனாலோ செத்தார். இவர் முதல் சாட்சி. எங்கள் கிளையில் முன்பு இருந்த தலைமைக் காஷியர் இரண்டாவது சாட்சி. அவர் தொந்தரவே தராத ஒன்றுக்கு, ஓய்வு பெறுவதற்குள் முடித்துவிடலாம் என்று ஆபரேஷன் செய்துகொண்டார். ஒன்றரை வருஷம் வரைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்தால் தொடையில் நெருப்பு பட்டதுபோல் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த இருவரையும் பல மாதங்கள் மாறி மாறி விசாரித்தேன். இருவரும் எனக்குச் சாதகமாகவே பேசினார்கள். பிறகு ஒரு நாள், ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதிக்கொண்டிருந்தபோது, என் கருத்துக்குத் தோதான நாலு வரிகளை மட்டும் தேடிக்கொண்டிருப்பது உறைத்தது. அப்போதுதான் மூன்றாவது சாட்சி ஞாபகத்துக்கு வந்தார். நெல் மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். எங்கள் கிளையில் சேமிப்புக் கணக்கு வைத்திருந்தார். ஒரு இரவு சிக்கிக்கொண்டது. மறுநாள் பிற்பகல்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். அழுகிய குடலை வெட்டி எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார், ஆனால் மூட்டை தூக்க முடியவில்லை. கணக்கிலிருந்த பணத்தை எடுக்க அவர் மனைவி வந்தபோது படிவத்தை நிரப்பிக் கொடுத்தது நான்தான். எட்டு மாதமாக இவரை நான் மறந்திருக்கவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் அப்போது புரிந்தது. பெரியப்பாவும் மண்டித் தொழிலாளியும் காத்திருக்கவில்லை. ஆபரேஷனுக்குப் பணமும், படுத்துக்கிடக்க நாளும் அவர்களிடம் இல்லை. காத்திருப்பதற்கு வேறு வழி ஒன்று கைவசம் இருக்க வேண்டும். அது இல்லாதவன் கிடக்கிறான், அவ்வளவே. மகாராஷ்டிரத்தில் தொண்டைச்சா என்கிற சிற்றூரில் டோங்காவ்கர் என்ற அறுவை மருத்துவர், விலையுயர்ந்த வலைக்குப் பதிலாகச் சாதாரணக் கொசுவலைத் துணியைச் சுத்திகரித்து வயிற்றுச் சுவரில் வைத்துத் தைத்து, 2003-இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். எனக்கு 'செய்யலாமா வேண்டாமா' என்கிற விசாரமாக இருப்பது, அவரிடம் வந்தவர்களுக்கு 'செய்துகொள்ள முடியுமா' என்கிற கேள்வியாக இருந்திருக்கும். என்னுடைய பிரச்னை, ஊழியர் காப்பீட்டு அட்டை சட்டைப்பையில் உள்ளவனின் பிரச்னை. இதனால் அது பிரச்னை இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் அதைப் பற்றி எழுதும்போது குரலை எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு.

ஆக, நான் ஏன் காத்திருக்கவே விரும்பினேன்? பயம் என்பது பாதிப் பதில். மறுபாதி எங்கள் வங்கியிலேயே இருக்கிறது. ஊழியர்மேல் குற்றப்பத்திரிகை கொடுக்கும்போது செய்த குற்றம், செய்யத் தவறிய குற்றம் என்று இரண்டையும் சேர்த்தே எழுதுவார்கள். நிர்வாகத்துக்கு இரண்டும் ஒன்றுதான். மனசுக்கு ஒன்றல்ல. ஆபரேஷன் செய்துகொண்டு காலமெல்லாம் வலித்தால், அதை நான் வரவழைத்துக்கொண்டேன். செய்யாமல் இருந்து ஒரு இரவு சிக்கிக்கொண்டால், அது 'வந்துவிட்டது'. முதலாவதில் கையெழுத்து என்னுடையது. இரண்டாவதில் விதியினுடையது. ரிடோவ், பேரன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், நோயைவிடக் குறைந்த அபாயமுள்ள தடுப்பூசியைக்கூடத் தங்கள் குழந்தைக்குப் போடப் பலர் தயங்குவதைக் காட்டினார்கள். ஊசியால் ஒரு குழந்தை செத்தால் கொன்றது தாங்கள், நோயால் செத்தால் கொன்றது நோய். என் தயக்கத்துக்கு ஏற்கனவே ஒரு ஆய்வு இருப்பது தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. அதைத் தத்துவம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

செயலின்மைக்குள் செயலைக் காணச் சொல்கிறது கீதையின் நாலாவது அத்தியாயம். தேர்வு செய்யாதிருப்பதும் தேர்வே என்பது 1945-இல் பாரிஸில் ஸார்த்தர் ஆற்றிய சொற்பொழிவின் சாரங்களில் ஒன்று. இதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் அந்தச் சொற்பொழிவில் வருகிற மாணவனின் கதையை இந்த எட்டு மாதத்தில் மறுபடி படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலம். அண்ணன் போரில் செத்திருக்கிறான். அம்மாவுக்கு இவன் ஒருவனே துணை. அம்மாவோடு இருப்பதா, இங்கிலாந்துக்குத் தப்பிப் போய் விடுதலைப் படையில் சேர்வதா? ஸார்த்தரிடம் வந்து கேட்கிறான். நீ சுதந்திரமானவன், நீயே தேர்ந்துகொள் என்கிறார் அவர். இருபது வயதில் இதைப் படித்தபோது அந்தப் பதிலின் கறாரான நேர்மை என்னைக் கவர்ந்தது. இப்போது கேட்கத் தோன்றுவது: அம்மாவிடம் யாராவது பேசினார்களா? அவன் போனாலும் இருந்தாலும் கவலையோடு காத்திருக்கப் போகிறவள் அவள். விவாதம் முழுவதும் அவள் அவனுடைய தேர்வின் ஒரு தட்டில் வைக்கப்பட்ட எடையாக இருக்கிறாள். தராசைப் பார்க்கிற ஆளாக இல்லை.

இதை நான் ஸார்த்தரைப் படித்துக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, குழந்தை தூங்கியதும், மனைவியிடம் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இருமும்போது கையை அங்க வெச்சு அழுத்திக்கறீங்களே, அதுதானே?"

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"தீபாவளிக்கு முன்னாலேர்ந்து. சிலிண்டரை நகர்த்தச் சொன்னா சாக்கு சொல்ல ஆரம்பிச்சீங்க. அது என்னன்னுதான் தெரியல. கட்டியோ என்னமோன்னு நெனச்சேன். சித்தப்பாவுக்கு வந்த மாதிரி."

அவள் சித்தப்பாவுக்கு வந்தது புற்றுநோய்.

ஏன் கேட்கவில்லை என்றேன். "நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள். பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். 23 சதவீதம், 68 சதவீதம், 1000 பேருக்கு இரண்டு. குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும் ஒன்று கேட்டாள்: "பாத்துக்கிட்டிருக்கலாம்னு டாக்டர் சொன்னாருங்கறீங்க. யாரு பாத்துக்கிட்டிருக்கணும்?"

"நான்தான்."

"நீங்க தூங்கிடுவீங்க. ராத்திரி எழுந்து போயி பத்து நிமிஷம் ஆச்சுன்னா நான் முழிச்சுக்கிட்டுக் கெடக்கேன். தீபாவளிலேர்ந்து."

எனக்குப் பதில் இல்லை. எட்டு மாதமாக நோகாத நோய் ஒன்றைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அது நொந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. என் உடம்பில் அல்ல. நோய்க்கு உரியவன் நோயாளி என்று மொழி சொல்வதை நம்பி, நோவும் அங்கேதான் இருக்கும் என்று தேடியிருக்கிறேன். அவளுடைய பயத்தின் பெரும்பகுதி ஒரு வாக்கியத்தில் தீர்ந்திருக்கக்கூடியது. குடலிறக்கம், கட்டி அல்ல. இதைச் சொல்ல எனக்கு எந்த ஆய்வும் தேவைப்பட்டிருக்காது. சொல்லாததற்குக் காரணம், சொன்னால் முடிவு செய்ய வேண்டிவரும் என்பதுதான். அந்தரங்கமான ஒரு தத்துவப் பிரச்னையாக அதை வைத்திருக்க விரும்பினேன். அந்தரங்கமே இல்லாத ஒன்றரை அறை வீட்டில்.

மருத்துவ மொழியில் 'விழிப்புடன் காத்திருத்தல்' என்று ஒரே தொடராகச் சொல்லப்படுவது இரண்டு வேலை. அவற்றை எங்கள் வீட்டில் இரண்டு பேர் பங்கிட்டுக்கொண்டிருந்தோம். காத்திருந்தவன் நான். விழித்திருந்தவள் அவள். எதற்காக விழித்திருக்கிறோம் என்பதுகூட அவளுக்குச் சொல்லப்படவில்லை. சும்மா இருப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. அதை நான் கொடுக்காததால்தான் அது இலவசம் என்று எனக்குப் பட்டது.

குறளின் மருந்து அதிகாரத்தைப் பலர் உணவுக் கட்டுப்பாட்டு அதிகாரம் என்பார்கள். பத்தில் ஆறு குறள் அளவாகச் சாப்பிடுவதைப் பற்றியதுதான். ஆனால் கடைசிக் குறள் மருத்துவத்தை நாலாகப் பகுக்கிறது. நோயுற்றவன், தீர்க்கிற மருத்துவன், மருந்து, பக்கத்திலிருந்து மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்கிறவன். இந்த நாலாவது ஆளை வள்ளுவர் உதவியாக அல்ல, மருத்துவத்தின் ஒரு கூறாக எண்ணுகிறார். பள்ளியில் மனப்பாடம் செய்த குறள். பாரிஸ் மாணவனின் அம்மாவைப் போல, அந்த நாலாவது ஆளையும் நான் பொருட்படுத்தியதில்லை. மருந்தே இல்லாத சிகிச்சையில், காத்திருத்தல் என்கிற சிகிச்சையில், அந்த நாலாவது ஆள்தான் ஏறக்குறைய முழுச் சிகிச்சையும்.

இதற்கு ஒரு ஆட்சேபம் உண்டு. உடம்பு என்னுடையது. கத்தி என்மேல்தான் படப்போகிறது. மற்றவரின் பயம் என் உடம்பை ஆள அனுமதித்தால், நாளைக்கு யாருடைய பயத்துக்காகவும் யாரையும் எதற்கும் உட்படுத்தலாம் என்று ஆகாதா? இதை நான் லேசாக ஒதுக்கவில்லை. குடும்பம் என்கிற பெயரில் தனிமனிதன்மேல் என்னவெல்லாம் நடத்தப்படுகிறது என்பதை எழுதித்தான் இந்த மாதிரிப் பத்திரிகைகளே வளர்ந்தன. என் பதில் இவ்வளவுதான். ஆபரேஷன் செய்துகொள் என்று சொல்லும் உரிமை அவளுக்கு இல்லை. அவள் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் 'இனி நான் விழித்திருக்க மாட்டேன்' என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு. அவள் அதைச் சொன்னால் என் காத்திருத்தல் வேறொன்றாகிவிடும். தஞ்சாவூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, இரவில், தனியாக ஒருவன் எடுக்கும் அபாயம் ஆகிவிடும். அந்த 720 பேரின் எண்கள் அதற்குப் பொருந்துமா என்று நான் மறுபடி கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். உடம்பு என்னுடையதுதான். அதைக் காத்துக் கிடக்கிற இரவுகள் என்னுடையவை அல்ல.

வங்கியில் இன்ன கணக்கில் சேரவேண்டும் என்று உடனே தெரியாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம். அது தப்பல்ல; அதற்காகத்தான் அந்தக் கணக்கே இருக்கிறது. ஆனால் ஆய்வாளர் வந்தால் முதலில் அதைத்தான் திறப்பார். ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று கேள்வி: என்ன தொகை, ஏன் இங்கே இருக்கிறது, எத்தனை நாளாக. மூன்றுக்கும் பதில் இருந்தால் காத்திருக்கிற பதிவு. இல்லையென்றால் ஒளித்துவைத்த பதிவு. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். எட்டு மாதமாக என்னிடம் இருந்தது இரண்டாவது வகை.

இப்போது அதற்கு ஒரு தேதி இருக்கிறது. தேதியை வைத்தது அவள்தான். மே மாதம் பள்ளிக்கூட விடுமுறையில் அவள் தங்கை வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். ஆகவே ஒவ்வொரு மே மாதமும் இதைப் பேசி முடிவெடுப்பது. இந்த மேயில் வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம். அடுத்த மேக்குள் வலி வந்தால், அல்லது அவளுக்குப் போதும் என்றானால், செய்துகொள்வது. பத்து வருஷத்தில் 68 சதவீதம் என்ற கணக்கைப் பார்த்தால், நான் தள்ளிப்போடுவது என்றைக்கோ செய்துகொள்ளப் போவதைத்தான். அதில் தவறில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன்.

போன சனிக்கிழமை அவளையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். என் பையில் நான் குறித்துவைத்த எண்களோடு ஒரு நோட்டு இருந்தது. அதைத் திறக்கச் சந்தர்ப்பம் வரவில்லை. அவள் கேட்டது இரண்டே கேள்வி. சிக்கிக்கொண்டது என்று எப்படித் தெரியும்? எவ்வளவு நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும்? படுத்து அழுத்தினாலும் உள்ளே போகாமல் கெட்டியாக நின்றால், வலித்தால், தோல் சிவந்தால், வாந்தி வந்தால், காற்றுப் பிரியாமல் போனால் என்று அவர் விரல் விட்டுச் சொன்னார். விடியட்டும் என்று பார்க்க வேண்டாம், உடனே வாருங்கள், மணிக்கணக்குதான் என்றார்.

எட்டு மாதத்தில் இந்த இரண்டு கேள்விகளையும் நான் அவரிடம் கேட்டிருக்கவில்லை. அவள் அவற்றை ஒரு தாளில் எழுதிச் சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறாள். கீழே 108 என்றும், தெருமுனையில் ஆட்டோ ஓட்டுகிறவரின் நம்பரும் இருக்கின்றன.